வைக்கோல் பட்ட இடம்

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

ஜப்பானின் பிஸென் மட்கலங்களைப் பற்றிய தங்கள் கட்டுரையை வாசித்தேன். படத்திலிருந்த கிண்ணத்தில் மெருகுப்பூச்சும் இல்லை, சித்திரமும் இல்லை. அதன் நிறங்கள் நெருப்பு தந்தவை என்கிறீர்கள். எல்லாவற்றையும் நெருப்பே செய்கிறதென்றால் குயவரை ஏன் கலைஞராகக் கொண்டாட வேண்டும்?

கே.

அன்புள்ள கே. அவர்களுக்கு,

‘நெருப்பு தந்தவை’ என்று நான் எழுதியது பாதி உண்மைதான். நெருப்பு தருவதை எங்கே, எவ்வளவு வாங்கிக்கொள்வது என்று தீர்மானிப்பவர் குயவர்.

அந்தக் கிண்ணத்தின் மேல் குறுக்கும் நெடுக்குமாக ஓடும் செந்நிறக் கோடுகளையே பாருங்கள். அவற்றுக்கு ஹிதாசுகி என்று பெயர். சூளையில் அடுக்கிய கலங்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளாமலிருக்க முற்காலத்தில் இடையே வைக்கோல் வைத்தார்கள். அது எரிந்தபோது, அதிலிருந்த காரச்சத்து மண்ணின் இரும்போடு வினைபுரிந்து, வைக்கோல் பட்ட இடம் மட்டும் சிவந்தது. தற்செயலாக வந்த அந்தச் சிவப்பைப் பின்வந்தவர்கள் வேண்டுமென்றே வரவழைத்தார்கள். எங்கே சுற்றுவது, எங்கே வெறுமையாக விடுவது என்று கணித்து வைக்கோலைச் சுற்றி, சாம்பலும் தழலும் நேரே படாதபடி வேறொரு கலத்துக்குள் வைத்துச் சுடுகிறார்கள். அதே மண்ணில் வனைந்த இன்னொரு கிண்ணத்தை விறகு எரியும் இடத்துக்கருகே வைத்தால், பைன் விறகின் சாம்பல் பறந்து வந்து படிந்து, 1200 டிகிரி செல்சியஸை ஒட்டிய வெப்பத்தில் உருகி, எள் தூவியதுபோல் நிற்கும். அதன் பெயரும் எள்தான்: கோமா. ஓவியர் வண்ணம் தேர்வதற்கு நிகரான வேலை இங்கே சூளையை அடுக்குவதில் நடக்கிறது.

பூச்சு இல்லாததற்கும் காரணம் மண்ணிலேயே இருக்கிறது. நெல்வயல்களுக்கடியிலிருந்து எடுக்கப்படும், இரும்புச்சத்து மிகுந்த பிஸென் மண் சுடும்போது வெகுவாகச் சுருங்குவதால், மேற்பூச்சு அதில் எளிதில் நிலைப்பதில்லை. சூட்டையும் மிக மெதுவாகவே ஏற்ற வேண்டியிருப்பதால், ஒரு சூளை பத்து நாள், சில வேளைகளில் இரண்டு வாரம்கூட எரிகிறது. மண் விதித்த அந்த எளிமையில், தேநீர் பரிமாறுவதை ஒரு கலைச் சடங்காக வளர்த்த 16ஆம் நூற்றாண்டின் தேநீர்க் கலைஞர்கள் அழகைக் கண்டார்கள். எனக்கு இந்த வரிசை முக்கியமாகப் படுகிறது: கட்டாயம் முதலில் வந்தது, ரசனை பிறகு.

நினைத்த நிறம் நினைத்தபடி வராத கலங்கள் ஒவ்வொரு சூளையிலும் உண்டு. அந்த அளவில் நெருப்பின் பங்கை நான் குறைக்கவில்லை. ஆனால் 16ஆம் நூற்றாண்டின் பிஸென் அழகை மீட்டெடுக்க உழைத்த குயவர் கனெஷிகே தோயோவை ஜப்பானிய அரசு 1956இல் ‘வாழும் தேசியப் பொக்கிஷம்’ ஆக்கியபோது, அது கௌரவித்தது இந்தக் கணிப்பையும் அதன் பின்னிருந்த பல்லாண்டுப் பயிற்சியையும்தான்.

அன்புடன்.