நள்ளிரவு வரை அருங்காட்சியகம்: வாசகர் கேள்வி–பதில்

கேள்வி: ஆண்டுக்கு ஒரு நாள் அருங்காட்சியகங்கள் நள்ளிரவு வரை திறந்திருப்பதும், உள்ளேயே இசை, நடன நிகழ்ச்சிகள் நடப்பதும் பல நகரங்களில் வழக்கமாகிவிட்டன. இந்த வழக்கம் எங்கே, எதற்காகத் தோன்றியது?

பதில்: இன்று நாம் காணும் வடிவில் இதைத் தொடங்கிவைத்த நகரம் பெர்லின். 1997-ஆம் ஆண்டு அந்நகரின் அருங்காட்சியகங்கள் பல ஒன்றுகூடி, ஒரே நுழைவுச்சீட்டில் எல்லாவற்றையும் பார்க்கலாம், ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குச் சிறப்புப் பேருந்தில் போகலாம் என்ற ஏற்பாட்டோடு ஓர் இரவு நெடுநேரம் கதவுகளைத் திறந்துவைத்தன. 2000-இல் ஆம்ஸ்டர்டாம் தனக்கென்று ஓர் அருங்காட்சியக இரவைத் தொடங்கியது. 2005-இல் பிரான்சின் பண்பாட்டு அமைச்சகம் முன்கையெடுத்து ஐரோப்பா முழுமைக்கும் பொதுவான ஓர் இரவை அமைத்தது. பன்னாட்டு அருங்காட்சியக நாளான மே 18-ஐ ஒட்டி வரும் சனிக்கிழமை அதற்கென ஒதுக்கப்பட்டது.

எதற்காக என்ற கேள்விக்கு விடை தேட இன்னும் பின்னால் போக வேண்டும். லண்டனில் 1759-இல் பொதுமக்களுக்குத் திறக்கப்பட்ட பிரிட்டிஷ் அருங்காட்சியகம், மெழுகுவத்தியாலோ எரிவாயு விளக்காலோ தீப்பிடித்துவிடும் என்ற அச்சத்தால், நூறாண்டுக்கும் மேலாகப் பகல் வெளிச்சத்தை மட்டுமே நம்பியிருந்தது. அங்கே காட்சிக்கூடங்களுக்கு மின்விளக்கு வந்து மாலையிலும் மக்கள் நுழைய முடிந்தது 1890-இல்தான். ஆனால் அதே நகரில் 1857-இல் தொடங்கப்பட்ட தெற்குக் கென்சிங்டன் அருங்காட்சியகம், அதாவது இன்றைய விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகம், தொடக்கத்திலேயே எரிவாயு விளக்குகளைப் பொருத்தி மாலை நேரத்திலும் இயங்கியது. பகலெல்லாம் உழைக்கும் தொழிலாளி வேலை முடிந்தபின் மதுக்கடைக்குப் போவதற்குப் பதிலாக மனைவி மக்களோடு இங்கே வரட்டும் என்பதே அதன் முதல் இயக்குநர் ஹென்றி கோலின் எண்ணம். பகற்பொழுதைக் கூலிக்குக் கொடுத்துவிட்ட ஒருவருக்கு, பகலில் மட்டும் திறந்திருக்கும் அருங்காட்சியகம், நுழைவு இலவசமாகவே இருந்தாலும், மூடிய கதவுதான். ஆகவே எந்த நகரம் இந்த இரவை நடத்தினாலும், அதுவரை உள்ளே கால்வைத்திராத எத்தனை பேர் அன்று வந்தார்கள் என்பதை முதலில் கேட்க வேண்டும். மொத்தக் கூட்டத்தின் எண்ணிக்கையை அதற்குப் பிறகு கேட்டால் போதும்.

கேள்வி: இத்தனை விளக்கும் கூட்டமும் ஒலியும் பழம்பொருள்களுக்குக் கேடு விளைவிக்காவா?

பதில்: விளக்கைப் பற்றிய அச்சம் பெரும்பாலும் தேவையற்றது. துணி, நீர்வண்ண ஓவியம், ஓலை, தாள் போன்ற எளிதில் நிறமிழக்கும் பொருள்களின்மேல் விழும் ஒளி 50 லக்ஸுக்குள் (லக்ஸ் என்பது ஒரு பரப்பில் விழும் ஒளியை அளக்கும் அலகு) இருக்க வேண்டும் என்பது பொதுவான நெறி. ஒளியால் விளையும் கேடு சிறுகச் சிறுகச் சேர்வது என்பதால் ஒளியின் அளவை அது விழும் மணி நேரத்தால் பெருக்கி, லக்ஸ்-மணி என்ற கணக்கில் அளக்கிறார்கள். நாளுக்கு 8 மணி நேரம் வீதம் ஆண்டில் 300 நாள் திறந்திருந்தால் 1,20,000 லக்ஸ்-மணி ஆகிறது. கூடுதலாக ஓர் இரவில் 6 மணி நேரம் விளக்கெரிந்தால் சேர்வது வெறும் 300. நிகழ்ச்சிக்கான மேடை விளக்குகளைக் காட்சிப் பேழைகளின் பக்கம் திருப்பாமல் இருந்தால் போதும்.

கூட்டமும் அதிர்வுமே உண்மையில் கவனிக்க வேண்டியவை. சும்மா அமர்ந்திருக்கும் ஒரு மனிதரின் உடலே ஏறத்தாழ 100 வாட் வெப்பத்தை வெளியிடுகிறது. மூச்சிலும் வியர்வையிலும் ஈரம் கலக்கிறது. சில நூறு பேர் ஒரே கூடத்தில் மணிக்கணக்கில் நின்றால் காற்றின் ஈரப்பதம் ஏறி, கூட்டம் கலைந்ததும் இறங்குகிறது. இந்த ஏற்ற இறக்கத்தில்தான் மரம் வெடிக்கிறது, வண்ணப்பூச்சு உதிர்கிறது. அதிர்வுக்கு மான்செஸ்டர் அருங்காட்சியகத்தில் நடந்ததைச் சொல்லலாம். அங்கே பேழைக்குள் இருந்த ஒரு சிறிய எகிப்தியச் சிலை யாரும் தொடாமலே மெல்லத் திரும்பி முதுகைக் காட்டி நிற்பது 2013-இல் பெரும் வியப்பாகப் பேசப்பட்டது. பார்வையாளர்களின் காலடியும் வெளியே செல்லும் வண்டிகளும் எழுப்பிய நுண்ணிய அதிர்வே, சற்றுக் குவிந்த அடிப்பாகம் கொண்ட அச்சிலையைத் திருப்பியது என்று பின்னர் ஆராய்ந்து கூறினார்கள். காலடிக்கே இப்படியென்றால், தாழ்சுருதியை முழங்கும் ஒலிபெருக்கியைப் பேழைக்கு அருகில் வைக்கலாமா என்பதை ஏற்பாட்டாளர்கள் எண்ணிப் பார்க்க வேண்டும். முற்றத்திலும் முன்கூடத்திலும் பெரிய நிகழ்ச்சிகளை வைத்துக்கொண்டு, காட்சிக்கூடத்துக்குள் ஒலிபெருக்கி இல்லாத தனிக்குரலையோ ஒற்றைக் கருவியையோ மட்டும் அனுமதிப்பது நல்லது. இதில் கடைசிச் சொல் நிகழ்ச்சிப் பொறுப்பாளருடையதாக இல்லாமல் காப்பாட்சியருடையதாக இருக்க வேண்டும் என்று உறுதியாகக் கருதுகிறேன்.

கேள்வி: அருங்காட்சியகம் அமைதிக்குரிய இடம். அங்கே ஆட்டமும் பாட்டும் பொருந்துமா?

பதில்: எல்லா ஆட்டமும் பொருந்தாது. ஆயினும் பேழைக்குள் இருக்கும் முகமூடி ஆடுவதற்காகச் செய்யப்பட்டது. முரசு அறைவதற்காகவும் மணி ஒலிப்பதற்காகவும் செய்யப்பட்டவை. அவற்றைப் பேச்சற்ற பொருள்களாக்கியது நாம்தான். அந்த முகமூடியின் எதிரில், அதே மரபைச் சேர்ந்த ஆட்டக்காரர் ஒருவர் பத்து நிமிடம் ஆடிக் காட்டினால், விளக்கப் பலகை எத்தனை வரிகளில் எழுதினாலும் சொல்ல முடியாத ஒன்று பார்ப்பவருக்குப் புரிந்துவிடும். நிகழ்ச்சி முடிந்ததும் மக்கள் பேழையை நோக்கித் திரும்பினால் அது அங்கே நடக்க வேண்டிய நிகழ்ச்சி. நேரே வாயிலை நோக்கி நடந்தால், அதை வேறோர் அரங்கில் நடத்தியிருக்கலாம்.

கேள்வி: குழந்தைகளோடு ஒரே இரவில் எத்தனை அருங்காட்சியகங்களைப் பார்க்கலாம்?

பதில்: இரண்டு போதும். திறக்கும் நேரத்திலேயே போய்விடுங்கள். நேரம் ஆக ஆக வரிசை நீளும், குழந்தைகளுக்குத் தூக்கம் வந்துவிடும். பகலில் எளிதாக நுழைய முடியாத ஒன்றையும், காப்பாட்சியர்களே முன்னின்று பொருள்களை விளக்கும் ஒன்றையும் தேர்ந்துகொள்ளுங்கள்.