வெள்ளைத் தேயிலையைப் பாலில் கொதிக்க வைக்காதீர்கள்

கேள்வி: ஊட்டிக்குப் போனபோது 50 கிராம் வெள்ளைத் தேயிலை வாங்கி வந்தோமுங்க. சர்க்கரை நோய் தீரும், தொப்பை கரையும், முகச்சுருக்கம் போகும் என்று சொல்லித்தான் கொடுத்தார்கள். பால் ஊற்றிக் கொதிக்க வைத்தேன். சாயமும் இறங்கவில்லை, ருசியும் இல்லை. போலியா? வீட்டுக்காரருக்குச் சர்க்கரை. அத்தைக்கு ரத்தசோகை, இரும்புச்சத்து மாத்திரை சாப்பிடுகிறார். இருவருக்கும் கொடுக்கலாமுங்களா?
– ஒரு வாசகி, கோபிசெட்டிபாளையம்

பதில்: போலி என்று முடிவு கட்டுவதற்கு முன்னால் ஒரு மொட்டைக் கையில் எடுத்து வெளிச்சத்தில் பாருங்கள். விரியாத முனைக்கொழுந்து, ஒரு அங்குல நீளம், ஊசி மாதிரிக் கூர், மேலெல்லாம் முயல் காதில் இருப்பதுபோல வெள்ளை ரோமம். இப்படி இருந்தால் சரக்கு நல்லதுதான். உடைந்த இலையும் தூளுமாகப் பழுப்பேறிக் கிடந்தால் மட்டும் சந்தேகப்படுங்கள்.

நாம் வாங்கும் டீத்தூள் இயந்திரத்தில் நசுங்கி, கிழிந்து, காற்றுப்பட்டுக் கறுத்தது. அதனால்தான் கொதிபாலில் போட்ட நிமிடமே சாயம் இறங்குகிறது. வெள்ளைத் தேயிலையைக் கசக்குவதே கிடையாது. பறித்த கொழுந்தை ஒன்றரை நாள் முதல் மூன்று நாள் வரை பரப்பி வாடவிட்டு உலர்த்துவார்கள், அவ்வளவுதான். சீனத்து ஃபூஜியன் மாகாணத்தின் முறை இது. இப்போது நீலகிரியிலும் செய்கிறார்கள். கொழுந்து முழுசாக இருப்பதால் சாறு மெதுவாகத்தான் இறங்கும். இறங்கிய கொஞ்சத்தையும் பாலின் புரதம் பிடித்துக்கொள்ளும். மெல்லிய மணத்தைப் பால்வாசம் மூடிவிடும். நீங்கள் குடித்தது வெறும் பால்தான்.

முதலில் பொட்டலத்தை ஒரு காகிதத்தில் கொட்டி 25 கூறாகப் பிரியுங்கள். ஒரு கூறு 2 கிராம், ஒரு டம்ளருக்குச் சரி. கரண்டிக் கணக்கு இதற்கு ஒத்துவராது. மொட்டு பஞ்சு மாதிரி இடத்தை அடைக்கும், எடை இருக்காது. 150 மில்லி தண்ணீரைச் சின்னப் போசியில் கொதிக்கவிட்டு, அடுப்பை அணைத்து, மூடாமல் நாலு நிமிடம் விடுங்கள். சூடு 80, 85 டிகிரிக்கு வந்துவிடும். அப்போது ஒரு கூறைப் போட்டு மூடி, ஐந்து நிமிடம் கழித்து வடிகட்டுங்கள். வைக்கோல் நிறத்தில் வரும், லேசாக இனிக்கும். அதே மொட்டில் இன்னும் இரண்டு முறை இறக்கலாம். ஒவ்வொரு முறையும் இரண்டு மூன்று நிமிடம் கூட விடுங்கள்.

கசந்தால் தண்ணீர் அதிகச் சூடு, அல்லது ஊறியது அதிக நேரம். சப்பென்று இருந்தால் மொட்டு குறைவு. மேலே ஆடை மாதிரிப் படலம் கட்டி, நிறம் மங்கியிருந்தால் தேயிலையைக் குறை சொல்லாதீர்கள். அது போர்வெல் தண்ணீரின் சுண்ணாம்பு. கோவைக்காரர்களுக்குச் சிறுவாணி இருக்கிறது, கவலையில்லை. மற்றவர்கள் குடிக்கிற நல்ல தண்ணியிலேயே போடுங்கள். தேயிலை வாசம் பிடிக்கும்; மஞ்சள்தூள், மல்லித்தூள் பக்கத்தில் வைக்காமல் இறுக மூடிய டப்பாவில் வையுங்கள்.

இனி பலன்கள். தொப்பை கரையும் என்பதற்கு ஆதாரமாகக் காட்டப்படுவது 2009-இல் வந்த ஜெர்மன் ஆய்வு. சுருக்கம் போகும் என்பதற்கு அதே ஆண்டு லண்டன் கிங்ஸ்டன் பல்கலைக்கழகத்தில் நடந்த சோதனை. முன்னதில் ஆய்வகத் தட்டில் வளர்த்த மனிதக் கொழுப்பு செல்கள்மேல் தேயிலைச் சாறு வேலை செய்தது. பின்னதில் தோலின் மீள்தன்மையைக் கெடுக்கும் என்சைம்களைச் சோதனைக் குழாயில் தடுத்தது. இரண்டும் நிஜமான ஆய்வுகள்தான். ஆனால் யாரும் டம்ளரில் குடித்து இளைக்கவில்லை, யாருடைய சுருக்கமும் போகவில்லை. கேட்டச்சின் போன்ற நல்ல பொருள்கள் இதில் உண்டு. பச்சைத் தேயிலையிலும் உண்டு. இதில் கஃபீன் இல்லை என்று சிலர் சொல்வதும் தவறு. முற்றிய இலையைவிட மொட்டில்தான் அது அதிகம். சாயங்காலம் ஐந்துக்கு மேல் குடித்துவிட்டுத் தூக்கம் வரவில்லை என்று எழுதாதீர்கள்.

உங்கள் வீட்டுக்காரருக்குக் கிடைக்கக்கூடிய பெரிய லாபம் வேறு. நாளைக்கு நாலு டீ, டம்ளருக்கு இரண்டு கரண்டி சர்க்கரை என்றால் 40 கிராம், ஏறக்குறைய 160 கலோரி. 25 கிராமுக்குள் நிறுத்துவது நல்லது என்கிறது உலக சுகாதார நிறுவனம். அந்த நாலில் மூன்றைச் சர்க்கரை போடாத வெள்ளைத் தேநீராக மாற்றினால் 30 கிராம் அன்றைக்கே குறையும். கவுந்தப்பாடி நாட்டுச் சர்க்கரை போட்டால் தப்பில்லை என்று நம் பக்கத்தில் ஒரு நம்பிக்கை இருக்கிறது. ரத்தத்துக்கு அதுவும் சர்க்கரைதான். சர்க்கரை நோய் இதனால் தீராது, அதற்கான மாத்திரையை நிறுத்தவே கூடாது. ஆவி பறக்கக் குடிக்கவும் வேண்டாம்: 65 டிகிரிக்கு மேல் சூடான பானம் உணவுக்குழாய்ப் புற்றுநோய்க்குக் காரணமாகக்கூடும் என்று 2016-இல் சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகமை வகைப்படுத்தியது.

அத்தை விஷயத்தில்தான் கண்டிப்பாக இருங்கள். கீரை, ராகி, கொள்ளு, அரிசிம்பருப்பு எதில் இருக்கும் இரும்பானாலும், சாப்பாட்டோடு தேநீர் குடித்தால் அதிலுள்ள துவர்ப்புப் பொருள்களான பாலிஃபீனால்கள் இரும்பைப் பிடித்துக்கொண்டு உடம்பில் சரியாகச் சேரவிடாது. நிறம் வெளுப்பாக இருப்பதால் இந்தக் குணம் மாறிவிடாது. சாப்பாட்டுக்கு முன்னும் பின்னும் ஒரு மணி நேரம், மாத்திரைக்கு இரண்டு மணி நேரம் தள்ளிக் கொடுங்கள். மாத்திரையை எலுமிச்சைச் சாற்றோடு விழுங்கச் சொல்லுங்கள். வைட்டமின் சி இரும்பு சேர உதவும். இரவுச் சாப்பாட்டுக்குப் பின் மாத்திரை போடுகிறவர் என்றால் மதியம் மூன்று மணிக்கு ஒரு டம்ளர் போதும். ரத்தத்தில் ஹீமோகுளோபின் ஏறும்வரை அதற்குமேல் கேட்டாலும் கொடுக்காதீர்கள்.