கேஸ் அடுப்பை முழுசா கழட்டிடாதீங்க

200 ஆம்பியர்-ஹவர் 12 வோல்ட் லித்தியம் பேட்டரி, 2000 வாட் இன்வெர்ட்டர், 300 வாட் சோலார் வச்சிருக்கேன், மோட்டார்ஹோம்ல (தங்கி, சமைச்சுக்கிட்டே பயணம் போற வண்டி) சமைக்க கேஸ் இல்லாம இண்டக்‌ஷன் மட்டும் போதுமான்னு கேட்டிருக்கீங்க. பெரும்பாலும் கரண்ட் கனெக்‌ஷன் இல்லாத இடத்துலதான் தங்குவோம்னு வேற சொல்றீங்க. அப்போ போதாதுங்க.

உங்க பேட்டரியில மொத்தமே சுமார் 2.5 யூனிட். ஒரு லிட்டர் தண்ணி கொதிக்க 0.11 யூனிட்தான், டீக்குப் பிரச்சினை இல்ல. ஆனா 1500 வாட்ல அரை மணி நேரம் சமைச்சா முக்கால் யூனிட் காலி. ஃபிரிட்ஜும் அதே பேட்டரிதானே? ரெண்டு நாள் மேகம் மூடினா சோலாரை நம்ப முடியாது.

வயரைப் பாருங்க. 1500 வாட்டுக்கு 12 வோல்ட்ல 125 ஆம்பியருக்கு மேல இழுக்கும். நான் முதல்ல மெல்லிசு கேபிள் போட்டேன்; ரசம் கொதிக்கறதுக்குள்ள கேபிள் கை வைக்க முடியாம சுட்டுச்சு. தடிமனான கேபிள், பேட்டரி பக்கத்துலயே ஃபியூஸ், கட்டாயம்.

ஒரு கிலோ கேஸ்ல 12 யூனிட்டுக்கு மேல சக்தி இருக்கு. அடுப்பு இருக்கட்டும், வெயில் நாள்ல இண்டக்‌ஷன் ஓட்டுங்க. கேஸ் கசிஞ்சா தரையில தங்கும். அதனால அது வெளிய போக தரையில இருக்கற வென்ட் ஓட்டை மேல மேட் விரிச்சிருந்தா இன்னைக்கே எடுத்துடுங்க.