மதுரையில் போட்டோ வாக்: காசு கொடுத்துப் போகலாமா?

கேள்வி: ஆவணி மாதம் மாமா மகள் கல்யாணத்துக்காக மதுரை வருகிறேன். ஞாயிற்றுக்கிழமை முகூர்த்தம், வெள்ளியும் சனியும் கையில் இருக்கின்றன. போன வருடம் ஒரு மிரர்லெஸ் கேமரா வாங்கினேன். அதோடு வந்த கிட் லென்ஸும் 50 எம்எம் லென்ஸும் வைத்திருக்கிறேன். வழிகாட்டியோடு மூன்று மணி நேர 'போட்டோ வாக்' என்று ஒரு விளம்பரம் பார்த்தேன். பணம் கட்டிப் போவதில் பிரயோஜனம் உண்டா, நானே சுற்றினால் போதாதா? தெருவில் அறிமுகமில்லாதவர்களைப் படம் எடுக்கக் கூச்சமாகவும் இருக்கிறது.
- சேலம் வாசகி

பதில்: போகலாம். ஆனால் எதற்காகப் பணம் கட்டுகிறீர்கள் என்பதில் முதலில் தெளிவு வேண்டும். மதுரையில் இடங்களைக் கண்டுபிடிக்க வழிகாட்டி தேவையில்லை. கோயில் மதிலுக்குள் ஆடி வீதி, அதற்கு வெளியே சித்திரை வீதி, ஆவணி மூல வீதி, மாசி வீதி என்று சதுரம் சதுரமாக ஊர் விரிகிறது. அதற்கும் வெளியே, பழைய கோட்டை நின்ற எல்லையில், வெளி வீதி. எங்கே தொலைந்தாலும் நாலு பேரைக் கேட்டால் மறுபடி கோபுரத்தடிக்கு வந்துவிடலாம்.

வழிகாட்டியிடம் நீங்கள் வாங்குவது வேறு. பூக்கடை அக்காவுக்கும் வண்டி இழுக்கிற அண்ணனுக்கும் அவரை ஏற்கெனவே தெரியும். அந்தப் பழக்கத்தின் நிழலில் நீங்களும் இருபது நிமிஷம் ஒரே இடத்தில் நிற்கலாம். புதிதாகப் படம் எடுப்பவருக்கு மிகவும் தேவைப்படுவது இதுதான். தனியாகப் போனால் கூச்சம் நம்மை ஓர் இடத்தில் நிற்க விடாது. வேகவேகமாக நடந்துகொண்டே எடுப்போம். வீட்டுக்கு வந்து பார்த்தால் முதுகுகளும் மோட்டார் சைக்கிள்களுமாக இருக்கும்.

ஆகவே விளம்பரம் கொடுத்தவரிடம் முதலில் கேட்க வேண்டியது, மூன்று மணி நேரத்தில் எத்தனை இடம் என்பது. கோயில், மகால், தெப்பக்குளம், மார்க்கெட், ஜிகர்தண்டா என்று எட்டுப் பத்து இடம் அடுக்கினால் அதை விட்டுவிடுங்கள். அது ஊர் சுற்றிக் காட்டுகிற பயணம். தவறில்லை, உங்களுக்கு வேண்டியது அது இல்லை. இரண்டு மூன்று இடம் என்று சொல்பவரை நம்பலாம். அடுத்து, எத்தனை பேர் வருவார்கள்? ஆறு பேர் என்றால் நல்லது, எட்டு வரை சமாளிக்கலாம். பதினைந்து கேமராக்கள் ஒரே நேரத்தில் ஓர் அம்மாவின் முன்னால் உயர்ந்தால் அவர் கை பூவை விட்டு நின்றுவிடும். அதற்கப்புறம் யார் எடுத்தாலும் அது போஸ் கொடுத்த படம்தான்.

அழைத்துப் போகிறவர் தானே படம் எடுப்பவரா என்றும் பாருங்கள். அவர் எடுத்த படங்களை அனுப்பச் சொல்லுங்கள். ஒரே தெருவை வேறு வேறு மாதங்களில் எடுத்திருந்தால் அவருக்கு அந்தத் தெரு தெரியும் என்று அர்த்தம். கடைசியாக, நடை முடிந்ததும் எங்காவது உட்கார்ந்து எல்லாருடைய படங்களையும் பார்த்துப் பேசுவாரா என்று கேளுங்கள். அந்த அரை மணி நேரம் இல்லாத போட்டோ நடைக்கு நான் பணம் கட்ட மாட்டேன். வரலாறுதான் முக்கியம் என்றால் மதுரையில் அதற்கென்றே நடைகள் உண்டு. பசுமை நடை அமைப்பினர் சமண மலைகளுக்கும் கல்வெட்டுகளுக்கும் அழைத்துப் போய் அந்தத் துறை அறிஞர்களைப் பேச வைக்கிறார்கள். அங்கே காதுதான் வேலை செய்ய வேண்டும், கேமரா பையிலேயே இருக்கலாம்.

நேரத்தைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் பல விளம்பரங்கள் இதில் அக்கறை காட்டுவதில்லை. மதுரை பூமத்திய ரேகைக்கு வடக்கே சுமார் 10 பாகையில் இருக்கிறது. இங்கே சூரியன் சாய்வாக ஏறாது, கிட்டத்தட்ட செங்குத்தாக ஏறும். ஆவணிக் கடைசியில் காலை ஆறு பத்து வாக்கில் உதிக்கிற சூரியன் எட்டரைக்கெல்லாம் உச்சிக்கான வழியில் பாதி தூரத்தை நெருங்கிவிடும். மத்தியானம் ஏறக்குறைய நேர் தலைக்கு மேல்; கண்குழிகளில் நிழல் விழுந்து எல்லா முகமும் களைத்துத் தெரியும். ஆகவே காலை ஏழரைக்கோ எட்டுக்கோ தொடங்குகிற நடை வேண்டாம். ஐந்தே முக்காலுக்குக் கூடி, விடியும்போதே தெருவில் இருக்கிற நடையாகப் பாருங்கள்.

கோபுரங்களுக்கும் இதே கணக்கு உண்டு. ஆவணியில் சூரியன் ஏறத்தாழ நேர் கிழக்கில் உதிப்பதால் ஒவ்வொரு கோபுரத்துக்கும் கிழக்கு முகம்தான் காலையில் ஒளிரும். சுமார் 170 அடி உயரமுள்ள தெற்குக் கோபுரத்தைத்தான் எல்லாரும் தேடிப் போவார்கள். ஆனால் இந்த மாதத்தில் அதன் தெற்கு முகத்துக்குக் காலை வெயில் சரியாகக் கிடைக்காது. மார்கழி, தையில் சூரியன் தென்கிழக்கில் உதிக்கும்போதுதான் அந்த முகம் எழும்பும். ஆனி, ஆடியில் முறை மாறி வடக்குக் கோபுரத்துக்கு யோகம். 'மொட்டைக் கோபுரம்' என்பார்களே, அதுதான். மற்றவற்றைவிடச் சுதைச் சிற்பங்கள், அதாவது சுண்ணாம்புச் சாந்தில் செய்த பொம்மைகள், குறைவு. நீங்கள் தெற்குக் கோபுரத்தை எடுக்க விரும்பினால் தெருமுனைக்குப் போய், கிழக்கு முகமும் தெற்கு முகமும் சேர்ந்து தெரிகிற மூலையில் நில்லுங்கள். ஒரு முகம் வெயிலிலும் ஒரு முகம் நிழலிலும் இருந்தால்தான் கோபுரத்தின் கனம் படத்தில் வரும். வெயில் நேராக அடிக்கும்போது சுதைப் பொம்மைகளின் மூக்கும் முழியும் தட்டையாகிவிடும். பக்கவாட்டில் வழுக்கிப் போகிற வெயில்தான் அவற்றைச் செதுக்கிக் காட்டும்.

இன்னொன்று. கோபுரத்தடியில் நின்று கேமராவை அண்ணாந்து பிடித்தால் கோபுரம் பின்னால் சாய்ந்ததுபோல் வரும். கேமராவை மட்டமாக வைத்துக்கொண்டு பின்னால் போங்கள். சித்திரை வீதியில் வாகனங்களை விடுவதில்லை என்பதால் தைரியமாகப் பின்னால் நகரலாம். முழுக் கோபுரமும் வேண்டும் என்கிற பிடிவாதத்தை விட்டால் இன்னும் நல்லது. தெருவில் நடக்கும் ஆட்களுக்குப் பின்னால் கோபுரத்தின் கீழ் இரண்டு நிலை தெரிந்தாலே அது மதுரை என்று யாருக்கும் புரியும். திருப்பணிக் காலமாக இருந்தால் கோபுரத்தில் சாரம் கட்டியிருக்கும். அதை முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள்.

கோயிலுக்குள் கேமராவும் கிடையாது, செல்போனும் கிடையாது. 2018 பிப்ரவரியில் வீரவசந்தராயர் மண்டபத்தில் நடந்த தீ விபத்துக்குப் பிறகு செல்போனுக்கும் தடை வந்துவிட்டது. 'உள்ளே எடுக்க ஏற்பாடு செய்கிறேன்' என்று எந்த வழிகாட்டியாவது சொன்னால் அவரோடு போகாதீர்கள். ட்ரோனை வீட்டிலேயே வைத்துவிட்டு வாருங்கள். ட்ரைபாடும் வேண்டாம், அதைப் பிரித்து வைத்த நிமிஷமே காவலர் வந்து விசாரிப்பார், அப்புறம் எங்கு போனாலும் எல்லார் கண்ணும் உங்கள் மேல்தான். மீனாட்சியைத் தரிசிக்க ஒரு சாயங்காலத்தைத் தனியாக ஒதுக்குங்கள். கேமரா இல்லாமல் போவதுதான் அங்கே நல்லது.

சரி, நடையை எங்கே வைத்துக்கொள்வது? உங்களுக்கு நான் சொல்வது இரண்டே இடம்: மாட்டுத்தாவணி பூ மார்க்கெட், அப்புறம் கீழமாசி வீதியும் விளக்குத்தூண் பக்கமும்.

பூ மார்க்கெட்டில் கேமரா உங்களைக் கட்டாயம் ஏமாற்றும், அதனால் தயாராகப் போங்கள். மல்லி காலையில் மொக்காகத்தான் வரும், சாயங்காலம்தான் விரியும். ஈரச் சாக்கைப் பிரித்துக் குவியலாகக் கொட்டும்போது ஃபிரேம் முழுக்க வெள்ளையாகிவிடும். கேமரா எதைக் கண்டாலும் அதை நடுத்தரச் சாம்பல் நிறத்துக்குக் கொண்டுவரவே கணக்குப் போடும். அதனால் மல்லி அழுக்கு வெள்ளையாகவும், பக்கத்தில் குனிந்திருக்கிறவரின் முகம் கறுத்தும் பதிவாகும். படத்தின் வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கிற எக்ஸ்போஷர் காம்பன்சேஷனை முக்கால் ஸ்டாப்பிலிருந்து ஒரு ஸ்டாப் வரை கூட்டுங்கள் (ஒரு ஸ்டாப் கூட்டினால் வெளிச்சம் இரட்டிப்பாகும்). அதற்கு மேல் போனால் மொக்கின் விளிம்பும் காம்பின் பச்சையும் வெளுத்துப் போகும். எது மல்லி, எது வெறும் வெள்ளை என்று தெரியாது. கருங்கல் தூணுக்கு இதே வேலையை எதிர்ப்பக்கமாகச் செய்ய வேண்டும்: ஒரு ஸ்டாப் குறைத்தால்தான் கல் கறுப்பாக வரும்.

மார்க்கெட்டில் இன்னொரு சிக்கல் நிறம். நீலத் தார்ப்பாய்க்குக் கீழே இருப்பவர்களின் தோல் நீலம் பாய்ந்து வரும். கூரைக்கு வெளியே பகல் வெளிச்சம், உள்ளே எல்இடி, நடுவில் தார்ப்பாய் என்று மூன்று நிறம் கலக்கும்போது நிறத்தைச் சரிசெய்கிற ஒயிட் பேலன்ஸை எப்படித் திருகினாலும் ஒன்றைச் சரிசெய்தால் மற்றொன்று கெடும். கூரையின் விளிம்பு எங்கே முடிகிறதென்று பாருங்கள். அந்த விளிம்பில், வெளி வெளிச்சம் ஒரே பக்கத்திலிருந்து வரும் இடத்தில் உட்கார்ந்திருப்பவரை எடுங்கள். பிறகு நிறத்தைத் திருத்த வசதியான ரா ஃபைலாகவும் சேமித்துக்கொள்ளுங்கள். உங்கள் 50 எம்எம் லென்ஸுக்கு இதுதான் இடம்: எஃப் 2 (லென்ஸ் துவாரத்தின் அளவு), ஷட்டர் 1/250 நொடி, ஐஎஸ்ஓ 1600 (கேமராவின் ஒளியுணர்வு) என்று ஆரம்பித்து வெளிச்சத்துக்கு ஏற்ப ஐஎஸ்ஓவை மட்டும் மாற்றுங்கள். பூ அள்ளுகிற கை 1/60-இல் மங்கிவிடும். தெருவுக்கு கிட் லென்ஸே போதும்.

கீழமாசி வீதி மொத்த வியாபாரத் தெரு. மூட்டை தூக்குகிறவர்களும் தள்ளுவண்டிகளும் விடிந்ததிலிருந்தே ஓடிக்கொண்டிருப்பார்கள். அவர்கள் வழியில் நிற்காதீர்கள், அதுதான் முதல் மரியாதை. வழிகாட்டி எந்தக் கடைப் படியில் நிற்கலாம் என்று காட்டுவார். அங்கே நின்று, வெயில் விழுகிற ஒரு திட்டைத் தேர்ந்தெடுத்து, அதற்குள் ஆட்கள் வருகிறார்களா என்று காத்திருங்கள். துரத்திப் போய் எடுப்பதைவிட இதில் நல்ல படம் கிடைக்கும். உங்கள் கூச்சத்துக்கும் மருந்து, ஏனென்றால் நீங்கள் யாரையும் நெருங்கிப் போகவில்லை, அவர்கள்தான் உங்கள் ஃபிரேமுக்குள் வருகிறார்கள்.

விளக்குத்தூண் என்பது பிளாக்பர்ன் என்ற கலெக்டரின் நினைவாக நிறுத்தியது. 1840-களில் கோட்டையை இடித்து அகழியைத் தூர்த்து ஊரை வெளியே விரித்தவர் அவர். அதற்குப் பக்கத்திலேயே பத்துத்தூண் சந்து. திருமலை நாயக்கர் அரண்மனை வளாகத்தின் மிச்சமான பெருந்தூண்கள் ஜவுளிக் கடைகளுக்கு நடுவே வானத்தைப் பார்த்து நிற்கின்றன. தூண்களை மட்டும் எடுத்தால் அவற்றின் பருமன் தெரியாது. ஒரு தூணின் அடியில் சைக்கிளோ ஆளோ இருக்கும்படி எடுங்கள்.

இப்போது கூச்சத்துக்கு வருவோம். கேமராவை முகத்துக்குக் கொண்டுபோகும் முன் பேசிவிடுங்கள். 'அண்ணே, நீங்க பாட்டுக்கு வேலையைப் பாருங்க, ஒரு படம் எடுத்துக்கிறட்டுமா?' என்று கேட்டால் பெரும்பாலும் சிரித்துக்கொண்டே தலையாட்டுவார்கள். 'நீங்க பாட்டுக்கு' என்பதைக் கட்டாயம் சேருங்கள், இல்லாவிட்டால் வேலையை நிறுத்திவிட்டுச் சட்டையைச் சரிசெய்துகொண்டு நிமிர்ந்து நிற்பார். அந்தப் படத்தையும் எடுங்கள், அது அவருக்கு. அப்புறம் அவர் மறுபடி வேலைக்குத் திரும்பும்போது எடுப்பது உங்களுக்கு. 'வேண்டாம்மா' என்றால் கேமராவை இறக்கி, 'சரிக்கா' என்று நகர்ந்துவிடுங்கள், தூரத்திலிருந்து திருட்டுத்தனமாக எடுக்காதீர்கள். குழந்தைகளை எடுக்கும் முன் பக்கத்திலிருக்கிற பெரியவரிடம் கேளுங்கள். படத்துக்குக் காசு கொடுக்க வேண்டாம். பூக்கட்டுகிற அக்காவிடம் கல்யாண வீட்டுக்கு நாலு முழம் வாங்கிக்கொள்ளுங்கள். எடுத்த படத்தைத் திரையில் காட்டுங்கள், பிறகு பிரிண்ட் போட்டு வழிகாட்டி கையில் கொடுத்தனுப்புங்கள். அடுத்து வருகிற புதியவரை அந்த அக்கா எப்படி வரவேற்பார் என்பது இப்போது நீங்கள் எப்படி நடந்துகொள்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது. வழிகாட்டியின் பிழைப்பும் அதில்தான் இருக்கிறது.

நாள் விஷயம். உங்கள் ஞாயிறு முகூர்த்தத்துக்கு முந்தின நாளான சனிக்கிழமை பூ மார்க்கெட் பிதுங்கி வழியும். காட்சி பிரமாதமாக இருக்கும், ஆனால் யாருக்கும் உங்களிடம் பேச நேரம் இருக்காது. முதல் முறை போகிறவருக்கு வெள்ளிக்கிழமைதான் நல்லது. வழிகாட்டியோடு வெள்ளி விடிகாலை பூ மார்க்கெட், அங்கிருந்து கீழமாசி வீதி, எட்டரைக்குப் படம் பார்த்துப் பேசுவது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒன்பது மணிக்கு மேல் தனியாகத் திருமலை நாயக்கர் மகாலுக்குப் போகலாம். 1636-இல் கட்டியது என்பார்கள், இப்போது நிற்பது பழைய அரண்மனையின் ஒரு பகுதிதான். வெளியே வெயில் கடுமையாகிற நேரத்தில் உள்ளே தூண்களில் பட்டுத் திரும்புகிற வெளிச்சம் மென்மையாக இருக்கும். கேமராவுக்குத் தனிச் சீட்டு வாங்க வேண்டும். சனிக்கிழமை காலை அதே கீழமாசி வீதிக்கு, அதே கடைப் படிக்கு, வழிகாட்டி இல்லாமல் நீங்களே போங்கள். முந்தின நாள் பேசியவர்கள் அங்கேதான் இருப்பார்கள். ஞாயிற்றுக்கிழமைக்குத் தள்ளிப் போடாதீர்கள். முகூர்த்தம் ஒருபக்கம் இருக்க, மொத்தக் கடைகள் பெரும்பாலும் அன்று அடைத்திருக்கும்.