டீச்சர் ஏன் மகனிடம் வருவதில்லை?

தங்கச்சி, ஒட்டுசுட்டானில் இருந்து ரொறன்ரோ வந்த புதிதில் நீங்கள் கேட்பது நியாயமான கேள்விதான். நாலாம் வகுப்பு மகன் ஒழுங்காக இருக்கிறான், டீச்சரோ குழப்படிகாரர் இரண்டு மூன்று பேரோடேயே நிற்கிறா, தமிழ்ப் பிள்ளை என்றபடியாலா என்கிறீர்கள். உடனே அப்படி முடிவு கட்டாதேங்கோ.

நான் வன்னியில் தொண்டர் ஆசிரியராகப் படிப்பித்தவன். அங்கே கவனம் யாருக்குப் போகும் என்று உங்களுக்கும் தெரியும். ஐந்தாம் வகுப்புப் புலமைப்பரிசில் பரீட்சையில் வெட்டுப்புள்ளியைத் தாண்டக்கூடிய பிள்ளைகளுக்கு முன் வாங்கு, பின்னேர வகுப்பு எல்லாம். இடம்பெயர்ந்து மரத்தடியில் வாங்கே இல்லாமல் படிப்பித்தபோதும் கெட்டிக்காரர்தான் முன்னுக்கு இருந்தார்கள்!

இங்கே பிந்தி நிற்கிற பிள்ளையிடம்தான் டீச்சர் கூட நேரம் இருப்பா. ரொறன்ரோ இருக்கிற ஒன்ராறியோ மாகாணத்தில் 1 முதல் 3 வரையான வகுப்புகளில் 23 பேருக்கு மேல் இருக்கக் கூடாது. நாலாம் வகுப்பில் இருந்து அந்தக் கட்டுப்பாடு இல்லை, பல பள்ளிக்கூடங்களை நடத்துகிற கல்விச் சபை முழுவதற்குமான சராசரிதான் கணக்கு. அதனால் ஒரு வகுப்பில் பிள்ளைகள் கூடிவிடலாம். டீச்சர் ஒரு சிறு குழுவை மேசையில் வைத்து வாசிப்பிக்கும்போது மற்றவர்கள் தாங்களாகவே வேலை செய்ய வேண்டும். அந்த நேரம் பேசாமல் இருக்கிற பிள்ளைக்கு எல்லாம் விளங்குகிறது என்றுதான் நினைப்பா.

நாங்களோ, கேட்டால் மட்டும் வாய் திற என்று சொல்லி வளர்க்கிறோம். மேரி பட் ரோ என்ற அமெரிக்க ஆய்வாளர் 1970களில் வகுப்பறைகளைக் கவனித்தவர். கேள்வி கேட்ட ஆசிரியர் பதிலுக்குக் காத்திருந்தது ஒரு செக்கன் அளவுதான். 3 செக்கன் பொறுத்தால் வழமையாகப் பேசாத பிள்ளைகளும் வாய் திறந்தார்கள். உங்கள் மகன் கேள்வியைத் தமிழில் யோசித்து, விடையை ஆங்கிலத்துக்கு மாற்றுவதற்குள் வேறு யாரோ சொல்லி முடித்துவிடுவான்.

கார்த்திகை மாதமளவில் முன்னேற்ற அறிக்கை வரும், பெற்றோர் சந்திப்பும் இருக்கும். நேரம் கொஞ்சம்தான் தருவார்கள். "மகன் எப்படி?" என்று கேட்டால் "நல்ல பிள்ளை" என்பதோடு கதை முடிந்துவிடும். எந்த வாசிப்புக் குழுவில் இருக்கிறான், டீச்சரிடம் கடைசியாக எப்போது வாசித்துக் காட்டினான், ஆங்கிலம் புதிதாகப் படிப்பவர்களுக்கான உதவி கிடைக்கிறதா என்று கேளுங்கோ. உங்களுக்கு ஆங்கிலம் தயக்கம் என்றால் தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று அலுவலகத்தில் முன்கூட்டியே சொல்லி வையுங்கோ.

இவ்வளவும் கேட்ட பிறகும் ஒன்றும் மாறவில்லை என்றால், அப்போது உங்கள் சந்தேகத்தோடு அதிபரிடம் போகலாம்.