இரண்டு மறுஆய்வுகள், இரண்டு முடிவுகள்: எதை வைத்து ஆய்வைத் திட்டமிடுவது?

கேள்வி: பொதுச் சுகாதார முதுகலை மாணவி நான். குழந்தைகளின் வயிற்றுப்போக்கைக் குறைக்க, சோப்பு போட்டுக் கைகழுவும் பழக்கத்தை வளர்க்கும் திட்டம் ஒன்றை ஆய்வு செய்யப்போகிறேன். இரண்டு சிஸ்டமேட்டிக் ரிவ்யூக்கள் (ஒரே கேள்வி பற்றிய ஆய்வுகளை முறைப்படி தேடித் தொகுக்கும் மறுஆய்வுகள்) கிடைத்தன. ஒன்று ‘சுமார் 30% குறைகிறது’ என்கிறது. மற்றொன்று ‘போதிய சான்று இல்லை’ என்கிறது. எதை நம்பி எழுதுவது?

பதில்: இரண்டுமே சரியாக இருக்கலாம். இரண்டும் ஒரே கேள்வியைத்தான் கேட்டனவா என்று முதலில் பாருங்கள். யாருக்கு, எந்தத் திட்டம், எதோடு ஒப்பிட்டு, எந்த விளைவு, எத்தனை மாதத்தில்? இந்த ஐந்தையும் இரு மறுஆய்வுகளுக்கும் பக்கத்தில் பக்கத்தில் எழுதி வையுங்கள். பெரும்பாலான முரண்பாடு அங்கேயே அவிழ்ந்துவிடும். உதாரணத்துக்கு, மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து வெளியிடும் சர்வதேச அமைப்பான கோக்ரேனின் கைகழுவல் மறுஆய்வில், 2015 பதிப்பின்படி, குழந்தைகளின் பகல்நேரக் காப்பகங்களிலும் பள்ளிகளிலும் வயிற்றுப்போக்கு சுமார் 30% குறைந்தது. குறைந்த, நடுத்தர வருமான நாடுகளின் ஊர்ப்புறச் சமூகங்களில் சுமார் 28%. ஆனால் அந்தப் பழக்கம் நீண்ட காலம் நிலைக்குமா என்பதற்குச் சான்று மிகக் குறைவு என்றும் அதே மறுஆய்வு சொல்கிறது. ஒரே ஆவணத்திலிருந்தே உங்கள் இரண்டு வாக்கியங்களையும் எடுக்க முடியும்.

‘சான்று இல்லை’ என்பதைப் ‘பயன் இல்லை’ என்று படித்துவிடாதீர்கள். 2023இல் முகக்கவசம் தொடர்பான கோக்ரேன் மறுஆய்வுக்கு இதுதான் நேர்ந்தது. ‘முகக்கவசம் வேலை செய்யாது’ என்று பலர் பரப்ப, அந்த விளக்கம் தவறானது, முடிவுகள் உறுதியற்றவை என்று கோக்ரேனின் தலைமை ஆசிரியரே அறிக்கை விட வேண்டியிருந்தது. உங்களிடம் உள்ள இரண்டாவது மறுஆய்வில் விகிதம் (திட்டம் உள்ள குழுவின் நோயளவை இல்லாத குழுவின் நோயளவால் வகுத்தது; 1 என்றால் வித்தியாசம் இல்லை) 0.80, நம்பக இடைவெளி (உண்மையான விகிதம் இருக்கக்கூடிய எல்லை) 0.55 முதல் 1.16 வரை என்று இருப்பதாக வைத்துக்கொள்வோம். நோய் 45% குறையவும் வாய்ப்புண்டு, 16% கூடவும் வாய்ப்புண்டு என்பதே அதன் பொருள். தரவு போதவில்லை, அதற்கு மேல் எதையும் அது சொல்லவில்லை.

அடுத்தது தரம். மறுஆய்வின் தரத்தை மதிப்பிடும் ஆம்ஸ்டார் 2 என்ற கருவியில் 16 கேள்விகள், அவற்றில் 7 முக்கியமானவை. முழுவதும் செய்ய நேரமில்லை என்றால் மூன்றையாவது பாருங்கள்: மறுஆய்வை எப்படிச் செய்வோம் என்ற நெறிமுறை முன்கூட்டியே பதிவாகியிருக்கிறதா (மறுஆய்வுகளுக்கான ப்ராஸ்பெரோ பதிவேட்டில் தேடலாம்), விலக்கிய ஆய்வுகளின் பட்டியல் காரணத்தோடு இருக்கிறதா, ஆய்வுகளின் சார்பு அபாயத்தை (செய்த விதத்தாலேயே முடிவு ஒரு பக்கம் சாயும் வாய்ப்பை) முடிவு சொல்லும்போதும் கணக்கில் எடுத்தார்களா. ப்ரிஸ்மா பாய்வு வரைபடம் (எத்தனை ஆய்வுகள் கிடைத்தன, எத்தனை விலக்கப்பட்டன என்று காட்டும் படம்) இருப்பதே தரத்துக்குச் சான்று என்று நினைக்கிறவர்கள் அதிகம். ப்ரிஸ்மா சொல்வது எதையெல்லாம் அறிக்கையில் எழுத வேண்டும் என்பதை மட்டுமே.

அதிக நேரம் செலவிட வேண்டிய இடம் சுருக்கவுரை அல்ல. சேர்க்கப்பட்ட ஆய்வுகளின் பண்புகளைத் தரும் அட்டவணை. சோப்பை இலவசமாகக் கொடுத்தார்களா, அறிவுரை மட்டும்தானா? 2015 மறுஆய்வில், சோப்பும் கொடுத்த சமூக ஆய்வுகளில்தான் விளைவு கூடுதலாகத் தெரிந்தது. பணியாளர் எத்தனை நாளுக்கு ஒரு முறை வீட்டுக்குப் போனார்? வாராவாரம் போன ஆய்வின் எண்ணை, மாதம் ஒரு முறை போகப்போகும் உங்கள் திட்டத்துக்கு அப்படியே எடுக்கக் கூடாது. வயிற்றுப்போக்கை எப்படி அளந்தார்கள் என்பதும் முக்கியம். தாய் சொன்னதை மட்டும் பதிவு செய்திருந்தால், சோப்பு வாங்கிக்கொண்ட தாய் ‘இந்த வாரம் ஒன்றுமில்லை’ என்று சொல்லவே சாய்வு அதிகம். அவர் எந்தக் குழுவில் இருக்கிறார் என்பதை மறைக்கவும் வழியில்லை. விளைவு உள்ளதைவிடப் பெரிதாகத் தெரிய இது ஒரு காரணம்.

இந்தத் துறையில் அடிக்கடி நடக்கும் பிழை ஒன்று உண்டு. கிராமம் கிராமமாகக் குழு பிரித்துச் செய்த ஆய்வை (ஒரு கிராமம் முழுவதும் ஒரே குழுவில்), குழந்தை குழந்தையாகப் பிரித்தது போலக் கணக்கிட்டுவிடுவார்கள். 20 கிராமங்கள், கிராமத்துக்கு 50 குழந்தைகள், கொத்துக்குள் ஒற்றுமைக் கெழு (ஒரே கிராமத்துக் குழந்தைகள் எவ்வளவு ஒத்திருக்கிறார்கள் என்ற அளவு) 0.02 என்றால், வடிவமைப்பு விளைவு (குழந்தைகளின் எண்ணிக்கையை எத்தனையால் வகுக்க வேண்டும் என்பது) 1 + (50 − 1) × 0.02 = 1.98. அதாவது 1,000 குழந்தைகள் இருந்தும், சுமார் 505 பேர் தரும் தகவல்தான் கையில் இருக்கிறது. இதைத் திருத்தாத ஆய்வுக்கு ஃபாரஸ்ட் பிளாட்டில் (எல்லா ஆய்வுகளின் முடிவையும் ஒன்றாகக் காட்டும் வரைபடத்தில்) தகுதிக்கு மீறிய எடை கிடைத்துவிடும். மறுஆய்வாளர்கள் திருத்தினார்களா என்பது செய்முறைப் பகுதியில் இருக்கும்.

ஃபாரஸ்ட் பிளாட்டின் அடியில் ஒட்டுமொத்தச் சராசரியைக் காட்டும் வைர வடிவக் குறியை மட்டும் பார்க்காதீர்கள். சராசரி 0.70, நம்பக இடைவெளி 0.58 முதல் 0.85 என்று அழகாக இருக்கும். அதே தரவில் முன்கணிப்பு இடைவெளி 0.40 முதல் 1.22 வரை போகலாம். முதலாவது சராசரியைப் பற்றியது, இரண்டாவது அடுத்து வரும் புதிய இடத்தைப் பற்றியது. உங்கள் ஆய்வு நடக்கப்போவது புதிய இடத்தில்தான்.

சதவீதத்தை நிஜ எண்ணிக்கையாகவும் மாற்றிப் பாருங்கள். ஒரு குழந்தைக்கு ஆண்டுக்கு 3 முறை வயிற்றுப்போக்கு வரும் இடத்தில் 30% குறைவு என்றால் 0.9 முறை தவிர்க்கப்படும். 0.6 முறைதான் வருகிறது என்றால் தவிர்க்கப்படுவது 0.18. திட்டத்தின் செலவு இரண்டு இடத்திலும் ஏறக்குறைய அதேதான்.

இனி உங்கள் ஆய்வுத் திட்டம். மாதிரி அளவுக் கணக்கில் 30%ஐ நேராகப் போடாதீர்கள். மேலே சொன்ன காரணங்களால் 20% என்று வைத்துக் கணக்கிடுவது பாதுகாப்பு. தேவைப்படும் குழந்தைகளின் எண்ணிக்கை இரட்டிப்புக்கும் மேல் போகும், ஆனால் முடிவு சொல்ல முடியாத ஆய்வாக முடியும் வாய்ப்பு குறையும். சான்றின் உறுதியை மதிப்பிடும் கிரேடு முறையில் அந்த உறுதி எதற்காகக் குறைக்கப்பட்டது என்று பாருங்கள், அந்த ஓட்டையை உங்கள் ஆய்வு அடைக்கிறதா என்பதே நீங்கள் சொல்லப்போகும் நியாயம். சார்பு அபாயம் காரணமென்றால் அளவீட்டை மாற்றுங்கள். மறைமுகச் சான்று (வேறு மக்களிடமோ வேறு சூழலிலோ கிடைத்தது) காரணமென்றால் உங்கள் மக்கள்தொகையே பதில்.

கடைசியாகத் தேதி. வெளியான ஆண்டை அல்ல, கடைசியாகத் தேடிய தேதியைப் பாருங்கள். இரண்டுக்கும் ஓராண்டுக்கு மேல் இடைவெளி இருப்பது சாதாரணம். 2007இல் 100 மறுஆய்வுகளை அலசியதில், 23% இரண்டே ஆண்டில் காலாவதியாகியிருந்தன. பின்னிணைப்பில் உள்ள தேடல் சொற்றொடரை அப்படியே எடுத்து, அந்தத் தேதிக்குப் பிறகு வந்தவற்றுக்கு மட்டும் மீண்டும் ஓட்டுங்கள். திட்டத்தைச் சமர்ப்பிக்கும் முன் இன்னொரு முறை.