வால்மீன் அச்சத்தை ஒரு கணக்கு எவ்வாறு மாற்றியது?

ஐரோப்பாவில் 16, 17ஆம் நூற்றாண்டுகளில் நடந்த அறிவியல் புரட்சி மக்களின் இயற்கை பற்றிய பார்வையை உண்மையிலேயே மாற்றியதா என்று கேட்டிருக்கிறீர்கள். மாற்றியது, ஆனால் மிக மெதுவாக. ஐரோப்பாவில் வால்மீன் தோன்றினால் பஞ்சம், போர், அரசனின் மரணம் என்றே நெடுங்காலம் அஞ்சினார்கள். 1682இல் தோன்றிய வால்மீனை நியூட்டனின் ஈர்ப்பு விதியைக் கொண்டு ஆராய்ந்த ஆங்கிலேய வானியலாளர் எட்மண்ட் ஹாலி, 1531, 1607 ஆகிய ஆண்டுகளில் வந்ததும் அதுவே என்றும், ஏறத்தாழ 76 ஆண்டுகளுக்கு ஒருமுறை சூரியனைச் சுற்றும் அது 1758இல் திரும்பும் என்றும் 1705இல் எழுதினார். அதைக் காண அவர் உயிரோடு இல்லை. 1758 டிசம்பர் 25 அன்று ஜெர்மனியின் டிரெஸ்டன் நகருக்கு அருகே அதை முதலில் கண்டவர், தாமாகவே வானியல் கற்ற ஒரு விவசாயி. ஆயினும் 1910இல் பூமி அதே வால்மீனின் வாலைக் கடக்கும் என்ற செய்தி பரவியபோது, வாலில் உள்ள நச்சுவாயுவுக்கு அஞ்சி, அதிலிருந்து காக்கும் என்று விற்கப்பட்ட 'வால்மீன் மாத்திரை' வாங்கி விழுங்கியவர்களும் இருந்தார்கள்.